குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு 45-ஆம் நாள் ஊசி வரை காத்திருக்காதீர்கள்

"முகம் பார்த்துச் சிரிக்க மாட்டேங்குது, கண்ணுக்குள்ள வெள்ளையா ஏதோ தெரியுது" என்று ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினால் 29 வாரக் கர்ப்பத்தில் பிறந்த குழந்தை, எடை 1,150 கிராம். கடைசிப் பக்கத்தின் அடியில், மருந்துப் பட்டியலுக்கும் கையெழுத்துக்கும் நடுவே, கண் பரிசோதனை செய்யச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. வீட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை, யாரும் படித்துச் சொல்லவும் இல்லை. விழித்திரை முழுக்கப் பிரிந்து சுருண்ட பிறகு ஆபரேஷன் செய்தாலும் உருப்படியான பார்வை கிடைப்பது அரிது. இன்னும் எத்தனை பேருக்குத்தான் இதே பதிலைச் சொல்வது?

இந்த நோய்க்குப் பெயர் ஆர்.ஓ.பி. வயிற்றில் இருக்கும்போது வளர்ந்து முடிய வேண்டிய விழித்திரை ரத்தக்குழாய்கள், பாதியில் பிறந்துவிட்டதால் தாறுமாறாக வளர்வது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கும் முன்னால், அல்லது 1,200 கிராமுக்கும் கீழே என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. 34 முதல் 36 வாரக் குழந்தையாக இருந்தும் வென்டிலேட்டர், கிருமித்தொற்று, ரத்தம் ஏற்றியது என்று அடிபட்டு வந்திருந்தால் அதற்கும் பார்க்க வேண்டும். (குழந்தை மருத்துவ நண்பர்களுக்கு: 1,500 கிராம் என்ற அமெரிக்கக் கணக்கு இங்கே ஒத்துவராது. அதைவிட எடை கூடிய குழந்தைகளுக்கும் நம் ஊரில் இந்த நோய் முற்றி வருகிறது.)

30 நாள் என்பது பிறந்த நாளிலிருந்து எண்ண வேண்டியது, வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அல்ல. மார்ச் 3-இல் பிறந்தால் ஏப்ரல் 2-க்குள். 25 நாள் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்துவிட்டு வீட்டுக்குப் போகும் குழந்தைக்கு மிச்சம் இருப்பது ஐந்தே நாள். இந்த நேரத்தில்தான் "தீட்டுக் கழியட்டும்", "பச்சப்புள்ளைய வெளியில காத்துல கொண்டுபோகக் கூடாது", "எப்படியும் 45-ஆம் நாள் ஊசிக்குப் போகணுமே, அப்பவே பார்த்துக்கலாம்" என்று ஆளுக்கொரு பேச்சு. தடுப்பூசி ஒரு வாரம் தள்ளினால் போட்டுக்கொள்ளலாம். ஆர்.ஓ.பி.யின் வீரியமான வகை காத்திருக்காது, ஓரிரு வாரத்தில் கையை மீறிப் போய்விடும்.

அதைவிட எரிச்சலூட்டுவது, "கண்ணு நல்லாத்தானே இருக்கு, டார்ச் அடிச்சா மூடுதே" என்ற வாதம். கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நோய் ஆரம்பிப்பது கண்ணின் பின்பக்கம், விழித்திரையின் ஓரத்தை ஒட்டி. முன்னால் இருந்து பார்த்தால் கண் சிவக்காது, பீளை தள்ளாது, நீர் வடியாது, வலிக்காது. வெளிச்சத்துக்குக் கண் கூசி மூடுவதற்கு விழித்திரையின் நடுப்பகுதி போதும். அது கடைசி வரை வேலை செய்துகொண்டுதான் இருக்கும். நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலையில், உடனே லேசர் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகூட டார்ச்சுக்கு அழகாகக் கண் சிமிட்டும். நீங்கள் தேடும் அந்த வெள்ளை, ஐந்தாம் நிலையில் தெரிவது. அதாவது எல்லாம் முடிந்த பிறகு. பாட்டி பார்த்தாலும் தெரியாது, சாதாரண டார்ச்சை வைத்துக்கொண்டு நான் பார்த்தாலும் தெரியாது. சொட்டு விட்டுக் கண் பாப்பாவை (கருவிழி நடுவில் உள்ள துவாரத்தை) விரித்து, உள்ளே பார்த்தால்தான் உண்டு.

"கண்ணாடிப் பெட்டி லைட்டுல கண்ணு போயிடுச்சு" என்பதும் தவறு. லைட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அளவில்லாமல் கொடுத்த ஆக்சிஜனுக்கு உண்டு. ஆக்சிஜன் ஏறும் குறைமாதக் குழந்தையின் ரத்த ஆக்சிஜன் அளவீடு 90 முதல் 95 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மானிட்டரில் 100 என்று பார்த்து நிம்மதி அடைகிற பழக்கத்தை, முக்கியமாக ஆம்புலன்ஸில், நாம் விட்டாக வேண்டும்.

பரிசோதனைக்கு வரும்போது: கடைசிப் பால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்கட்டும், இல்லாவிட்டால் அழுகையில் கக்கிப் புரையேறும். கண் பாப்பா விரிவதற்கான சொட்டைப் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை விடுவார்கள். கன்னத்தில் வழிவதைத் துடைத்துவிடுங்கள், உடம்புக்குள் போகக் கூடாது. துணியில் இறுக்கிச் சுற்றிப் பிடித்து, இமையை விரிக்க ஒரு சின்னக் கம்பி வைப்பார்கள். குழந்தை வீறிட்டு அழும். வாசலில் நிற்கும் பாட்டி "கண்ணைப் பிடுங்குறாங்களே" என்று பதறுவார். சில நிமிட வேலைதான். இமை லேசாகச் சிவந்திருக்கும், சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அவ்வளவே. முடிந்ததும் மார்போடு அணைத்துப் பால் கொடுங்கள்.

முதல் தடவை "ஒன்றும் இல்லை" என்று சொன்னால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை, தயவுசெய்து. ரத்தக்குழாய் ஓரம் வரை வளர்ந்து முடிய ஏறக்குறைய 40 வாரக் கணக்கு (கர்ப்பத்தில் இருந்த வாரங்களையும் பிறந்த பிறகான வாரங்களையும் சேர்த்து) ஆக வேண்டும். அதுவரை ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வோம். தேதி தவறாதீர்கள். லேசர் வேண்டும் என்று சொன்னால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். சொந்தக்காரர்களிடம் யோசனை கேட்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோய்க்காகக் கண்ணுக்குள் ஊசி மருந்து போட்ட குழந்தை என்றால் நோய் மாதங்கள் கழித்தும் திரும்பலாம், அதனால் 65 வாரக் கணக்கு வரை விடாமல் காட்ட வேண்டும்.

செலவுக்குப் பயந்து நிற்பவர்கள், அரசின் ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் இந்த நோயும் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை பிறந்த அரசு மருத்துவமனையிலேயே கேட்கலாம். டிஸ்சார்ஜ் எழுதும் டாக்டர்களே, அந்த ஒற்றை ஆங்கில வரி போதாது. முதல் பக்கத்தில், தமிழில், தேதியும் இடமும் போட்டு எழுதிக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் பெற்றோர்களே, எழுதியிருக்கவில்லை என்றால் பில் கட்டுவதற்கு முன் நர்ஸிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கண் டாக்டர்கிட்ட எந்தத் தேதிக்குப் போகணும்?"