கண் தெரியாத பூனையும் தகரக் கூரை மழையும்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கிழப்பூனைக்குப் பார்வை போய்விட்டது என்று சொன்னால் வருகிறவர்கள் நம்புவதில்லை, ஏனென்றால் அது பாட்டுக்கு சமையலறையிலிருந்து வந்து, நாற்காலிக் காலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று, விலகி, அடுப்போரம் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நிற்க வைப்பது மீசை. மூக்கின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 12 முடிகள், நான்கு வரிசையாக. முடிக்கு உணர்ச்சி கிடையாது, விஷயமெல்லாம் வேரில். மற்ற முடிகளைவிட ஆழமாக இறங்கியிருக்கும் அந்த வேரைச் சுற்றி ரத்தம் நிறைந்த ஒரு குட்டிப் பை, அங்கே ஏராளமான நரம்பு முனைகள். நுனி கொஞ்சம் வளைந்தாலும் வேர் நெம்புகோல் மாதிரி அசைந்து நரம்பை உசுப்பிவிடும். தொடக்கூட வேண்டாம், காற்றோட்டம் லேசாக மாறினாலே தெரிந்துவிடும். நல்ல பார்வையுள்ள பூனைக்கே மூக்குக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கல்தான், அங்கே மீசையை நம்பித்தான் பிழைக்கிறது.

தூரத்துக்குக் காது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கேட்பது நின்றுவிடும், பூனைக்கு 60,000ஐத் தாண்டும். இரண்டு காதும் தனித்தனியாகத் திரும்பும். சத்தம் எந்தக் காதில் ஒரு நொடித்துளி முந்தி விழுகிறது என்பதிலிருந்து திசை கிடைத்துவிடும்.

சரி, ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டும்போது? பக்கத்தில் நிற்கும் ஆள் பேசுவதே நமக்குக் கேட்காது. பூனை அப்போது மனதில் போட்டு வைத்திருக்கும் வரைபடத்தையும் மோப்பத்தையும் வைத்து நடக்கிறது. மழைக்கு ஒதுக்கி வைத்த விறகுக் கட்டோ, நகர்த்திய ஸ்டூலோ அந்த வரைபடத்தில் இல்லை, போய் முட்டலாம். சாப்பாட்டுத் தட்டும் மண் தட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பூனையைத் தூக்குவதற்கு முன் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், பாதத்தால் அதிர்வை உணர்ந்துகொள்ளும். வெளியே விடவே விடாதீர்கள், தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் ஊர் இது.

வயதான பூனைக்குத் திடீரென்று கண் போனால் பெரும்பாலும் ரத்தக் கொதிப்புதான் காரணம். சிறுநீரகக் கோளாறோ தைராய்டோ பின்னால் இருக்கும். அழுத்தம் ஏறி விழித்திரை பிய்ந்துவிடும், வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே நிற்கும். அன்றைக்கே மருத்துவரிடம் போனால் சிலவற்றுக்குக் கொஞ்சம் பார்வை திரும்புவதுண்டு. இன்னொன்று டாரின் குறைபாடு. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் இந்தச் சத்தைப் பூனையால் போதுமான அளவு தானாகத் தயாரிக்க முடியாது, இல்லாமல் போனால் விழித்திரை மெல்ல அழியும், அழிந்தது திரும்பாது. வெறும் தயிர்சாதத்தில் வளரும் வீட்டுப் பூனைகளுக்கு இனிமேலாவது ஒரு துண்டு மீன் போடுங்கள்.