அணையைத் திறக்க ராணுவத்தை அனுப்ப முடியாதா?

கர்நாடகத்திலிருந்து காவிரி நீர் போதிய அளவு வராமல், 2023ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று மேட்டூர் அணையை மூடினார்கள். அந்த வாரம் மன்னார்குடி நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில், என்னிடம் வழக்கு நடத்தும் கட்சிக்காரர் ஒருவர் மடியிலிருந்து ஒரு குறுவைக் கதிரை எடுத்தார். கடைமடைக்காரர், வரப்புத் தகராறு ஒன்றுக்காகப் பல ஆண்டுகளாக வாய்தாவுக்கு வந்துபோகிறவர். கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார். கையில் மணி ஒன்றும் நிற்கவில்லை. அத்தனையும் பதராகப் பறந்தது. "ஏன் வக்கீல் சார், சுப்ரீம் கோர்ட்டு சொல்லியும் தண்ணி வரலைன்னா, ராணுவத்தை அனுப்பி மதகைத் தொறக்கச் சொல்ல வேண்டியதுதானே? ஹரியானாவுல வாய்க்காலுக்கு மிலிட்டரி போச்சே?" என்று கேட்டார்.

தண்ணீர் குறைந்த ஆண்டுகளிலெல்லாம் இந்தக் கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது. இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு கையில் இருக்கும்போது அதை நிறைவேற்ற நாட்டின் மிகப்பெரிய பலத்தை ஏன் பயன்படுத்தக் கூடாது என்பது நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்ன ஹரியானா நிகழ்ச்சி உண்மை. 2016 பிப்ரவரியில் ஜாட் இடஒதுக்கீட்டுக் கிளர்ச்சியின்போது, டெல்லிக்குக் குடிநீர் கொண்டுபோகும் முனக் கால்வாயைப் போராட்டக்காரர்கள் கைப்பற்றிச் சேதப்படுத்தினார்கள். ராணுவம் சென்று அதை மீட்டது. ஆனால் ராணுவத்தை அழைத்தது ஹரியானா அரசே. கால்வாய் ஒரு கும்பலின் கைக்குப் போயிருந்தது. மாநில நிர்வாகத்தால் அதை மீட்க முடியவில்லை. மாநிலம் கேட்டது, படை துணைக்கு வந்தது. காவிரியின் குறுக்கே கர்நாடகத்தில் உள்ள கிருஷ்ணராஜ சாகர் அணையில் நிலைமை வேறு. அந்த அணை எந்தக் கும்பலின் கையிலும் இல்லை. கர்நாடக மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் பொறியாளர்கள் அதை இயக்குகிறார்கள். அங்கே படையை அனுப்பினால், அது யாருக்குத் துணையாகப் போகும்?

இந்தத் 'துணை' என்ற சொல்லில்தான் சட்டம் நிற்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொது ஒழுங்கும் காவல் துறையும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஒன்றியப் பட்டியலில் 2ஏ என்றொரு பதிவு உண்டு. 1976இல் இயற்றப்பட்ட 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. ஒன்றியத்தின் ஆயுதப் படைகளை ஒரு மாநிலத்துக்குள், அங்குள்ள குடிமை அதிகாரத்துக்குத் துணையாக நிறுத்துவது பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அது நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. ஆயுதப் படைகளின் சிறப்பு அதிகாரச் சட்டம் செல்லுமா என்ற வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் துணைக்கு வரும் படை குடிமை அதிகாரத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரக் கூடாது என்பதை அந்தத் தீர்ப்பிலேயே திட்டவட்டமாகச் சொன்னது.

மாநிலம் கேட்காமலேயே ஒன்றிய அரசு படையை அனுப்பலாமா என்பது பழைய விவாதம். உறுப்பு 355, வெளி ஆக்கிரமிப்பிலிருந்தும் உள்நாட்டுக் குழப்பத்திலிருந்தும் மாநிலங்களைக் காக்கும் கடமையை ஒன்றியத்தின் மேல் வைக்கிறது. முடிந்தவரை மாநிலத்தைக் கலந்துகொள்வது நல்லது, ஆனால் முன்ஒப்புதல் கட்டாயமில்லை என்றே ஒன்றிய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் 1988இல் கருதியது. அந்தக் கருத்தையே வைத்துக்கொண்டாலும், நீர் விடு என்ற உத்தரவை ஒரு மாநில அரசு தாமதப்படுத்துவது கலவரம் ஆகிவிடாது. அது உத்தரவை மீறுவது. அதற்கு மருந்து வேறு. நதிநீர்த் தகராறைத் தீர்க்க அமைக்கப்படும் நடுவர் மன்றத்தின் முடிவுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பாணைக்குரிய வலு உண்டு என்று 1956ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுகள் சட்டமே சொல்கிறது. அதற்குமேல் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை இருக்கிறது. ஒன்றிய அரசு மாநிலத்துக்குப் பணிப்புரை வழங்க உறுப்பு 256 இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்திய ஆட்சிப் பரப்பில் உள்ள எல்லா அதிகார அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்துக்கு உதவியாகச் செயல்பட வேண்டும் என்கிறது உறுப்பு 144. எந்த அமைப்புகள் என்பதை அந்த உறுப்பே குறிப்பிடுகிறது: குடிமை சார்ந்தவை, நீதி சார்ந்தவை. ராணுவம் என்ற சொல் அங்கே இல்லை. தீர்ப்பை நிறைவேற்றுவது ஆட்சியர்களின், பொறியாளர்களின், செயலர்களின் வேலை என்பதை அரசமைப்பை எழுதியவர்கள் தெரிந்தே எழுதியதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

நடைமுறையும் அப்படித்தான் இருந்திருக்கிறது. 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை மீற கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் பெங்களூரு எரிந்தபோது மத்தியப் படைகள் போயின. அவை போனது தெருவில் அமைதியைக் கொண்டுவருவதற்கு, அணையின் ஷட்டரைத் தூக்குவதற்கு அல்ல. அந்த மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் உறுப்பு 144ஐ நினைவூட்டிக் கடுமையாகப் பேசியது. அக்டோபர் தொடக்கத்தில் தண்ணீர் திறக்கப்பட்டது. கேட்ட அளவு வந்ததா, நாற்றங்கால் பிழைத்ததா என்பது வேறு வழக்கு. தாமதத்தின் விலையை டெல்டாதான் கொடுக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை.

என் கட்சிக்காரரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் முகம் தெளியவில்லை. அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். "நாளைக்கே ஹைட்ரோகார்பன் கிணறு தோண்ட ஒன்றிய அரசு உத்தரவு போட்டு, நம்ம அரசு முடியாதுன்னு நின்னா, உங்க வயல்ல மிலிட்டரி வந்து நிக்கலாமாண்ணே?" டெல்டாவில் இத்தகைய புதிய கிணறுகளைத் தடுக்க 2020இல் நம் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது அவருக்கு நன்றாகத் தெரியும். டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அது எப்படி சார் வரலாம்?" என்றார். அணைக்குப் போகிற படை வயலுக்கு வர வேறு கதவு தேவையில்லை.

ராணுவம் என்ற சொல்லே நம் ஊரில் இடம் மாறிக் கிடக்கிறது. தேர்தலுக்கு முன் கடைத்தெருவில் கொடி அணிவகுப்பு நடக்கும். புள்ளிபோட்ட சீருடையில் துப்பாக்கியோடு வரிசையாக நடந்துவருகிறவர்களைப் பார்த்து, "மிலிட்டரி வந்துடுச்சு, என்னாச்சுப்பா?" என்று பூக்கார அம்மா ஒருவர் என்னிடம் பதறினார். வந்தவர்கள் மத்திய ரிசர்வ் காவல் படையினர். உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவர்கள். தரைப்படையும் கடற்படையும் விமானப்படையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ளவை. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து தலைக்கு மேல் சீறிப் போகிற போர் விமானம் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்தத் தளத்தின் அதிகாரி எவரும் மாவட்டத்தில் ஒரு கூட்டத்தைக் கலைக்கத் தாமாகக் கிளம்பிவர முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் முப்படைகளும் மீட்பு வேலை பார்த்தன. அதுவும் துணைதான், ஆட்சியரின் நிர்வாகத்தோடு சேர்ந்து நடந்த துணை.

கூட்டத்தைக் கலைப்பது பற்றிய சட்டம் தெளிவானது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 130 முதல் 132 வரையிலான பிரிவுகளில் இருந்தவை, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149, 150, 151ஆம் பிரிவுகளில் இருக்கின்றன. வேறு வழியில் கலைக்க முடியாத சட்டவிரோதக் கூட்டத்தை, பொதுப் பாதுகாப்புக்கு அவசியம் என்றால், சம்பவ இடத்தில் இருக்கும் மாவட்ட நடுவரோ அவர் அதிகாரமளித்த நிர்வாக நடுவரோ ஆயுதப் படையைக் கொண்டு கலைக்கச் சொல்லலாம். மாவட்ட நடுவர் என்றால் நம் ஆட்சியர்தான். எப்படிச் செய்வது என்பதைப் படை அதிகாரி தீர்மானிக்கலாம்; ஆனால் மிகக் குறைந்த பலத்தையே பயன்படுத்தி, உடலுக்கும் உடைமைக்கும் மிகக் குறைந்த சேதமே வரும்படி செய்தாக வேண்டும். நடுவரைத் தொடர்புகொள்ள வழியே இல்லாமல் பொதுப் பாதுகாப்புக்கு வெளிப்படையான ஆபத்து வந்தால் மட்டும், படை அதிகாரி தாமாகச் செயல்படலாம். தொடர்பு கிடைத்த நிமிடத்திலிருந்து நடுவர் சொல்வதைத்தான் அவர் கேட்க வேண்டும். 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் எச்சரிக்கைகூடச் செய்யாமல் சுட்டவன் ஒரு ராணுவ அதிகாரி என்பதை நினைத்துக்கொண்டு இந்தப் பிரிவுகளைப் படித்தால், ஒவ்வொரு சொல்லின் கனமும் தெரியும்.

151ஆம் பிரிவு படையினருக்குப் பாதுகாப்பும் தருகிறது. ஒன்றிய அரசின் அனுமதியின்றி அவர்கள் மேல் குற்ற வழக்குத் தொடர முடியாது. பல இளம் வழக்கறிஞர்கள் இதை முழு விலக்கு என்று எண்ணிக் கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி இல்லை. மணிப்பூரில் போலி மோதல்களில் நடந்ததாகச் சொல்லப்பட்ட மரணங்கள் பற்றிய வழக்கில், படையினருக்கு முற்றான விலக்கு என்று ஒன்று கிடையாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ராணுவச் சட்டம், அதாவது குடிமை நிர்வாகத்தின் இடத்தில் ராணுவமே ஆளும் 'மார்ஷியல் லா', என்ற சொல்லும் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. உறுப்பு 34 அதைக் குறிப்பிடுகிறதே தவிர விளக்கவில்லை; அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபின் இந்நாட்டில் அது அறிவிக்கப்பட்டதும் இல்லை. கூட்டம் கூடுவதற்குத் தடை போடும், பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு உத்தரவு, இன்றைய எண்ணில் 163, ராணுவச் சட்டம் ஆகாது.

போராட்டத்தில் அடிபட்டோ பிடிபட்டோ யாராவது என்னிடம் வந்தால், காயத்தைக் கேட்பதற்கு முன் நான் கேட்பது இரண்டு: சட்டையில் என்ன பட்டை இருந்தது? அந்த இடத்தில் தாசில்தாரோ கோட்டாட்சியரோ நின்றாரா? பெரும்பாலும் இரண்டாவதற்குப் பதில் வராது. பயத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்போது மனுவில் 'உத்தரவிட்ட நிர்வாக நடுவர்' என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு, ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போவேன்.