ரெக்ஸ்ட் வரவில்லை என்றால் அப்பாவுக்கு மறதி என்று அர்த்தமில்லை

"அக்கா, அப்பாவுக்கு மறதி தொடங்கிட்டுது. ரிவியில அந்த நம்பர் பக்கங்களைக்கூட எடுக்கத் தெரியேல்ல. முப்பது வருசமாப் பார்க்கிற மனுசன்." நான் பயிற்சி கொடுக்கும் ஒரு ஐயாவின் மகன் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். நான் ஜேர்மனியில் ரூர் பகுதியில் எர்கோதெரபி செய்கிறேன். விழுந்து எழும்பியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மூட்டு மாற்றியவர்கள் வீட்டில் தங்கள் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் பழக்குவது என் வேலை. இந்த ஐயாவிடம் போனது இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகான பயிற்சிக்கு. ரிவி என் பட்டியலிலேயே இல்லை. மகன் சொன்ன நம்பர் பக்கங்கள்தான் ரெக்ஸ்ட்: றிமோட்டில் மூன்று இலக்கம் அடித்தால் வானிலை, விளையாட்டு முடிவு எல்லாம் திரையில் எழுத்தாக வரும்.

ஆனாலும் கேட்டுப் பார்த்தேன். "எப்பிடி எடுக்கிறனீங்கள், ஒருக்கா செய்து காட்டுங்கோ ஐயா." பொலித்தீன் உறை போட்டுச் சுற்றிய பழைய றிமோட்டை எடுத்தார். ரெக்ஸ்ட் பொத்தானில் இருந்த படம் தேய்ந்து மொட்டையாகியிருந்தது, ஆனால் விரல் பார்க்காமலே அங்கே போனது. அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. நாலு தரம் அழுத்திவிட்டு றிமோட்டை மேசையில் வைத்து, "பிள்ளை, எனக்கு மூளை பழுதாப் போச்சு போல" என்றார்.

மூளையில் பழுதில்லை. பழுது வயரில்.

நடந்தது இதுதான். ஜேர்மனியில் கேபிள் ரிவிக் கட்டணத்தை வீட்டுக்காரர் வாடகையோடு சேர்த்து அறவிடுவது 2024 ஜூன் 30 உடன் நின்றது. ஜூலையிலிருந்து அவரவர்தான் ஒப்பந்தம் செய்ய வேண்டும். பல வீடுகளில் பிள்ளைகள் "எதுக்குக் கேபிள்" என்று இணையத்தில் ஓடும் பெட்டியையோ, ஸ்ரிக் என்ற விரலளவுக் கருவியையோ வாங்கி எச்டிஎம்ஐ வயரால் செருகிவிட்டார்கள். காசு மிச்சம், படமும் துல்லியம். ஆனால் ரெக்ஸ்ட் பக்கங்கள் ஒளிபரப்போடு கூடவே வருபவை, அந்த ஒளிபரப்பு ரிவிக்குள் நேரடியாக வந்தால்தான் ரிவி அவற்றைப் பிரித்தெடுக்கும். எச்டிஎம்ஐ வழியாகப் படமும் சத்தமும்தான் போகும், ரெக்ஸ்ட் போகாது. பெட்டியைச் செருகிய நாளிலிருந்து ரிவி வெறும் திரை. ஐயா அந்தத் திரையிடம் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தக் காலத்திலயும் அதைப் பார்க்கினமா" என்று மகன் சிரித்தார். இங்கே வீடியோரெக்ஸ்ட் என்ற பெயரில் இந்த ரெக்ஸ்ட் தொடங்கியது 1980 ஜூன் 1. நம் இலங்கைத் தமிழ் ஆட்கள் கூட்டமாக வந்திறங்கியது 1983க்குப் பிறகு, அதாவது அவர்கள் முதல் ரிவி வாங்கியபோதே அது அதற்குள் இருந்தது. ஒரு வரிக்கு 40 எழுத்து, பக்கத்துக்கு 24 வரி, அவ்வளவுதான் இடம். உணவகச் சமையலறையில் வேலை முடித்து நடுச்சாமத்தில் வீட்டுக்கு வந்து, மனைவி பிள்ளைகளை எழுப்பாமல் சத்தத்தை மூடிவிட்டு, நாளைக்கு மழையா, யார் எத்தனை கோல் அடித்தான் என்று பார்த்தவர்களுக்கு நீளமான ஜேர்மன் வாக்கியம் தேவைப்படவில்லை. இலக்கம் வாசித்தால் போதும். ஐயா ஒரு கொப்பியில் பக்க எண்களை எழுதி வைத்திருந்தார், தலைப்பு ஒன்றும் இல்லாமல் எண்கள் மட்டும். எது எதற்கு என்று கேட்டேன், ஒவ்வொன்றையும் பிசகாமல் சொன்னார். மறதிக்காரர் செய்கிற வேலையா இது?

வீட்டில் எதையும் மாற்றுவதற்கு முன் பெற்றோருக்குப் பக்கத்தில் ஒரு பின்னேரம் இருந்து அவர்கள் எந்தப் பொத்தான்களை அழுத்துகிறார்கள் என்று பாருங்கள். கேட்டால் "நான் ஒண்டும் பெரிசாப் பார்க்கிறேல்ல" என்றுதான் சொல்வார்கள். பிறகு, வாங்கப்போகும் பெட்டியில் ரெக்ஸ்ட் வருமா என்று கடையில் கேளுங்கள். சில பெட்டிகளில் வரும், அதன் சொந்த றிமோட்டில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். ஸ்ரிக்கில் ஓடும் செயலிகளில் பெரும்பாலும் வராது. அப்படியென்றால் கேபிளைத் தனி ஒப்பந்தமாக வைத்திருப்பது அப்பாவுக்கு மலிவான மருந்து என்றே நான் சொல்வேன். இல்லாவிட்டால் இங்குள்ள பொது ஒளிபரப்பான ஏஆர்டியின் பக்கங்கள் இணையத்திலும் இருக்கின்றன, ஒரு ரப்லெட்டில் அதே எண்ணைத் தட்டலாம். ஆனால் எண்பது வயதில் ரப்லெட் தொடங்குவது எல்லோருக்கும் சரிவராது.

புது றிமோட்டுகள் இன்னொரு தலையிடி. மெலிந்த, வடிவான, எண்களே இல்லாத சாமான். மூன்று இலக்கம் அடிக்கத் திரையில் ஒரு விசைப்பலகையைத் திறந்து அம்புக்குறியால் நகர வேண்டும், கை நடுங்குகிறவருக்கு அது தண்டனை. அந்த ரிவிக்கே பொருந்துகிற, எண் பொத்தான்கள் உள்ள றிமோட் பெரும்பாலும் தனியாக வாங்கலாம்.

இனி கண். வெண்புரை உள்ளவர்களுக்குக் கண்வில்லை மஞ்சளித்து நீல ஒளியை விழுங்கிவிடும். ரெக்ஸ்டில் கறுப்பின் மேல் நீல எழுத்து வரும்போது அவர்களுக்கு அந்த வரி இல்லாததுபோலவே இருக்கும். "பாதிதான் வருது" என்று அம்மா சொன்னால் ரிவியைத் திருத்தக் கொடுக்க முதல் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் பழைய றிமோட் பலவற்றில் உண்டு: ஒருமுறை அழுத்தினால் பக்கத்தின் மேல்பாதி, மறுமுறை கீழ்ப்பாதி, மூன்றாவதில் பழையபடி. பலர் முதல் அழுத்தலோடு நிறுத்திவிட்டுக் கீழ்ப்பாதி தொலைந்துவிட்டது என்று நினைப்பார்கள். ரெக்ஸ்ட் பொத்தானை இரண்டு தரம் தட்டிவிட்டால் பல ரிவிகளில் எழுத்துக்குப் பின்னால் படமும் தெரியும், ஒரே குழப்பம், இன்னொரு தரம் தட்டினால் சரியாகிவிடும். சில பக்கங்கள் இரண்டு மூன்று உள்பக்கங்களாகத் தாமாகவே மாறும், ஆறுதலாக வாசிக்கிறவர் பாதியில் இருக்கும்போதே ஓடிவிடும். அதை நிறுத்தி வைக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது. நான் அதன்மேல் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்துவிடுவேன்.

காது மந்தமானவர்களுக்கு ஏஆர்டியில் 150, இன்னொரு பொது ஒளிபரப்பான இசட்டிஎஃப்பில் 777. வசனம் எழுத்தாக வரும். பக்கத்து வீட்டுச் சண்டைகளில் பாதி இந்த இரண்டு எண்களால் தீரும்.

தனியார் அலைவரிசைகளின் ரெக்ஸ்டில் மட்டும் கவனம். சாத்திரம், தனிமைப் பேச்சு என்று 0900 இல் தொடங்கும் தொலைபேசி எண்கள் நிறைந்திருக்கும், நிமிடத்துக்கு நல்ல காசு. தனியாக இருக்கும் ஒருவர் இரவில் அடித்துப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை, திட்டவும் வேண்டாம். தொலைபேசி நிறுவனத்திடம் சொன்னால் அந்த எண்களை இலவசமாகத் தடைசெய்வார்கள்.

உண்மையான மறதி எப்படித் தெரியும்? அதே ரிவி, அதே றிமோட், அதே இணைப்பு, பற்றறியும் புதிது. அப்படியிருந்தும் வழக்கமான எண் வராமல் தடுமாறுகிறார், அல்லது பக்கம் வந்த பிறகு எதற்கு எடுத்தேன் என்று கேட்கிறார், அதுவும் கிழமைக்குக் கிழமை கூடுகிறது என்றால் வைத்தியரிடம் போங்கள். போகும்போது கடைசியாக வீட்டில் என்ன மாறியது என்பதையும் சொல்லுங்கள். இந்த ஐயாவின் மகன் ஏற்கெனவே குடும்ப வைத்தியரிடம் "ரிவிகூடத் தெரியேல்ல" என்று சொல்லிவிட்டார், அது கோப்பிலும் ஏறிவிட்டது. பெட்டி மாறியதை யாரும் சொல்லவில்லை.

ஐயாவின் பெட்டியில் ரெக்ஸ்ட் இருந்தது, அதன் றிமோட்டின் அடிவரிசையில் கடுகளவு பொத்தானாக. அதில் நகப்பூச்சு வைத்தோம். முதல் கிழமை கை பழைய றிமோட்டுக்கே போனது, அதை ஒளித்து வைக்க மகன் வெளிக்கிட்டார், நான் வேண்டாம் என்றேன், சத்தத்தைக் கூட்ட அது வேண்டும். இரண்டாம் கிழமை சனிக்கிழமை லொத்தர் எண்களைத் தானே எடுத்துப் பார்த்திருக்கிறார். மூன்றாம் கிழமை நான் போனபோது மேசையில் இரண்டு றிமோட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, புதியதற்கும் பொலித்தீன் உறை போட்டாயிற்று.