நாமினி போட்டாயிற்றே, உயில் எதற்கு?

சொத்து விஷயமாக என்னிடம் வருபவர்களிடம் உயில் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "பேங்க், இன்சூரன்ஸ் எல்லாத்துலயும் மனைவியை நாமினியாப் போட்டுட்டேன் சார். அப்புறம் உயில் எதுக்கு?"

நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். அது யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவு செய்யும். ஆயுள் காப்பீடு பற்றி 1983-லும், வங்கி டெபாசிட் பற்றி 2010-லும், பங்குகள் பற்றி 2023-லும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் ஒரு விலக்கு உண்டு: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பாலிசிப் பணம் அவர்களுக்கே உரியது என்கிறது சட்டம். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போடலாம். அதனால் நாமினி உரிமையாளராகிவிடுவதில்லை.

பணத்தை விட வீட்டில்தான் சிக்கல் அதிகம். ஒருவர் சொந்த சம்பாத்தியத்தில் வீடு வாங்கினார். உயில் எழுதாமல் இறந்துபோனார். வீடு தனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும்தான் என்று மனைவி நினைத்தார். ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயாரும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி, பிள்ளைகளோடு சமமாகப் பங்கு பெறுபவர். ஆக ஆளுக்குக் கால் பங்கு. கொஞ்ச நாளில் அந்தத் தாயாரும் காலமானார், அவரும் உயில் எழுதவில்லை. அவருடைய கால் பங்கு அவர் பெற்ற மூன்று பிள்ளைகளின் வழியில் பிரிந்தது. இறந்த மகனின் பங்கு பேரப்பிள்ளைகளுக்கு வந்தது. மீதி, கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் வீட்டை விற்க அவர்கள் கையெழுத்து இல்லாமல் முடியாது. நாத்தனார் வெளிநாட்டில் இருந்ததால் பவர் பத்திரம் வந்து சேரும்வரை, மகளின் படிப்புக்காக வீட்டை விற்க நினைத்த அந்தப் பெண்மணி காத்துக்கிடந்தார். அந்த மனிதர் ஒரே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது.

உண்மையில் ஒரு பக்கம் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே செல்லும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. செய்தால் நல்லது என்பேன், ஆனால் பதிவு செய்த உயிலையும் பின்னால் எழுதும் பதிவில்லாத உயில் ரத்து செய்துவிடும். கடைசி உயில்தான் செல்லும்.

கவனம் வேண்டியது சாட்சி விஷயத்தில். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்து என்று நீங்களே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் அவர்கள் உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிக்கத் தேவையில்லை. உயிலில் பங்கு பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள், சந்தேகத்துக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும். வழக்கென்று வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உங்களை விட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். முகவரியைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். முதுமையிலோ நோயிலோ எழுதுவதானால், சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி வையுங்கள்.

பூர்வீகச் சொத்திலும் கூட்டாக வாங்கியதிலும் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். இஸ்லாமியர்கள், மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் கொடுக்க முடியாது.

எழுதிய உயிலை உங்கள் பேரில் மட்டும் உள்ள பேங்க் லாக்கரில் பூட்டாதீர்கள். அந்த லாக்கரைத் திறப்பதே பிற்பாடு ஒரு வேலையாகிவிடும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை யாருக்குக் கொடுக்கிறீர்களோ, அவரிடம் அது இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரு நகலையும் அவரிடமே கொடுத்து வையுங்கள்.