எக்கோவில் 62 மார்க்

மயிலாப்பூரில் ஒரு ஸ்கேன் சென்டர். அம்மாவுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, ரிப்போர்ட்டும் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்ததும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. 'இ.எஃப். 62%' என்று போட்டிருந்தது. "மீதி 38 எங்கேடா போச்சு?"

எங்கேயும் போகவில்லை. நிரம்பிய இடது கீழறையில் ஏறக்குறைய 120 மில்லி ரத்தம் இருக்கும். ஒரு துடிப்பில் 70 மில்லி வெளியேறும், 50 உள்ளேயே தங்கும். வெளியேறும் பங்குதான் இந்த இ.எஃப். 55-லிருந்து 70 வரை இருந்தால் சரி. நூற்றுக்கு நூறு வாங்கும் இதயம் கிடையாது.

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.8 விநாடி. அதில் கீழறை சுருங்குவது 0.3 விநாடிதான், மிச்ச நேரம் தளர்ந்து நிரம்புவதற்கு. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மிட்ரல் வால்வு திறந்ததும் மேலறை ரத்தம் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். கடைசியில் மேலறை ஒரு அழுத்து அழுத்தி மீதியைத் தள்ளும்.

அப்புறம் வருவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். கீழறை சுருங்கத் தொடங்கியதும் மிட்ரல் வால்வு மூடும்: 'லப்'. கீழறையிலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலான பெருந்தமனி வால்வோ இன்னும் திறக்கவில்லை; அந்தப் பக்கம் 80 அளவு அழுத்தம் அதை மூடிப் பிடித்திருக்கிறது. இரண்டு கதவும் சாத்தியிருக்க, தசை இறுகுகிறது. ஒரு சொட்டு நகராது. விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் இப்படி. வால்வைத் திறந்துவிடத் தனியாக யாரும் இல்லை. அடிபம்பில் இருக்கிற மாதிரி, எந்தப் பக்கம் அழுத்தம் கூடுதலோ அதன்படி திறக்கும், மூடும். உள்ளே 80-ஐத் தாண்டியதும் ரத்தம் பீறிடும், அழுத்தம் 120 வரை ஏறும். பி.பி. பார்க்கும்போது சொல்கிறார்களே, அதே 120/80. ஈரத்துணியைப் பிழிவதுபோல் கீழறை முறுக்கிக்கொண்டு சுருங்குகிறது. பிறகு அழுத்தம் இறங்க, பெருந்தமனி வால்வு மூடும்: 'டப்'.

வலது கீழறைக்கு இவ்வளவு பாடு இல்லை. பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு அனுப்ப 25 அளவு அழுத்தம் போதும். சுவரும் மெலிசு, இடதில் மூன்றில் ஒரு பங்குதான்.

இன்னொன்று. இறுகும் தசை தன் ரத்தக்குழாய்களையே நெரித்துக்கொள்கிறது. அதனால் இடது கீழறைத் தசைக்குச் சாப்பாடு கிடைப்பது பெரும்பாலும் தளரும்போதுதான். மெரினாவில் ஓடினால் துடிப்பு கூடும். அப்போது அதிகம் குறைவது இந்தத் தளரும் நேரம்தான்.

ஆட்டோவில் வரும்போது இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். வீட்டுக்கு வந்ததும் சித்திக்குப் போன் போட்டார். "அறுபதுக்கு மேலடி, ஃபர்ஸ்ட் கிளாஸ்!"