விமானம் ஏறிய அப்பாவும் கஞ்சிக் காசும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்திருந்த அந்தப் பெண் உட்கார்ந்ததுமே போனை என் முன் நீட்டினார். "பிள்ளை செலவுக்கு மாசம் மூவாயிரம் ரேண்டு அனுப்புறேன்னு அவ அப்பாவே வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கார், பாருங்க." எழுதித்தான் இருந்தார். நான்கு மாதம் அனுப்பியும் இருக்கிறார். அப்புறம் நம்பர் மாறிவிட்டது. ஆள் லண்டன் பக்கம் எங்கோ.

"கோர்ட் ஆர்டர் வாங்கினீங்களா அம்மா?"

"எதுக்கு அண்ணா? அவர்தான் ஒத்துக்கிட்டாரே!"

டர்பனில் வக்கீல் தொழில் செய்யும் நான் அடிக்கடி கேட்கும் பதில் இது. பிள்ளைக்கான ஜீவனாம்சத்தை இங்கே பேச்சில் 'பாப்கெல்ட்' என்பார்கள். ஆப்பிரிக்கான்ஸில் கஞ்சிக் காசு. அப்பா நாடு மாறினாலும் கஞ்சிக் கடமை போகாது. ஆனால் அதை அங்கே வசூலிக்க வாட்ஸ்அப் செய்தி உதவாது, நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

வாங்குவது பெரிய வேலை இல்லை. பிள்ளை வசிக்கும் பகுதியின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மெயின்டெனன்ஸ் (ஜீவனாம்ச) அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவையில்லை. (என் பிழைப்புக்கு நானே வைக்கும் வேட்டு, இருக்கட்டும்.) பிள்ளையை வளர்க்கும் பாட்டிகூட மனு போடலாம்.

கையில் உத்தரவு இருந்தால் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கைகொடுக்கும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாவின் சில மாகாணங்கள் போன்றவற்றோடு தென்னாப்பிரிக்காவுக்குப் பரஸ்பர ஏற்பாடு உண்டு. உத்தரவின் சான்றிட்ட நகல், பாக்கிக் கணக்கு, அவருடைய புகைப்படம் எல்லாம் நம் நீதித்துறை வழியாக அந்த நாட்டுக்குப் போய், அங்கே பதிவாகி, அங்கேயே வசூலாகும். உத்தரவு வாங்கும் முன்பே ஆள் கிளம்பிவிட்டாரா? இங்கே தற்காலிக உத்தரவு பெறலாம். அந்த நாட்டு நீதிமன்றம் அவர் தரப்பைக் கேட்டபின் அதை உறுதி செய்யும்.

இதெல்லாம் நகர வேண்டுமானால் முகவரி வேண்டும். "லண்டனில் இருக்கார்" என்பது முகவரி இல்லை. வீட்டு எண் பழையது என்பதற்காகவே என் கோப்பு ஒன்று திரும்பி வந்து, ஒன்பது மாதம் வீணாய்ப் போயிற்று. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்த பார்சல் உறையைக்கூடத் தூக்கி எறியாதீர்கள்.

இப்படிப் பரஸ்பர ஏற்பாடு உள்ள இடங்களின் பட்டியலில் துபாய் இல்லை. அங்கே போனவர்களிடம் வசூலிக்க, இங்கே அவர்கள் விட்டுச் சென்றதைத்தான் பார்க்க வேண்டும்: வீடு, வாடகை வருமானம், முக்கியமாக ஓய்வூதிய நிதி. வேலையை விட்டதும் அதில் எடுக்க முடிந்த பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். எடுக்கும் முன் நீதிமன்றம் போனால், வருங்கால மாதங்களுக்கும் சேர்த்து நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். பழைய பாக்கி என்று விட்டுவிடவும் வேண்டாம். உத்தரவுப்படி சேர்ந்த பாக்கிக்கு 30 ஆண்டு ஆயுள் என்று 2022-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொன்று. பெற்றோரால் முடியாதபோது, வசதியுள்ள தாத்தா பாட்டிக்கும், அப்பா வழியோ அம்மா வழியோ, பிள்ளையைத் தாங்கும் கடமை சட்டப்படி உண்டு. சாட்ஸ்வொர்த் பெண்ணிடம் இதையும் சொல்லி அனுப்பினேன். டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் மாமியாரின் காதில் எப்படியோ விழுந்திருக்கிறது. அதுவரை "எனக்கு எதுவும் தெரியாதும்மா" என்று சொல்லி வந்தவர், மறுநாளே மகனின் வீட்டு எண், வேலை செய்யும் இடம், ஷிஃப்ட் நேரம் வரை எழுதிக் கொடுத்தனுப்பினார்.