ஒரு மிளகளவு பள்ளமும் ஓம்னியின் முன் கண்ணாடியும்

என் மைத்துனர் பேக்கரிக்குச் சரக்கு ஏற்றும் பழைய மாருதி ஓம்னி வைத்திருக்கிறார். மதுராந்தகம் அருகே எதிரே வந்த டிப்பர் லாரியிலிருந்து ஒரு ஜல்லி தெறித்து முன் கண்ணாடியில் பட்டது. ‘டிக்’ என்று ஒரு சத்தம், மிளகளவு ஒரு பள்ளம், அவ்வளவுதான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். நாலாம் நாள் காலையில் வண்டியை எடுக்கப் போனால், அந்தப் பள்ளத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி ஓட்டுநர் முகத்துக்கு நேராக ஓடி, கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டு நின்றது. இரவெல்லாம் நின்ற வண்டி. யாரும் தொடவில்லை. சில நூறு ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய வேலை, முழுக் கண்ணாடியையே கேட்டது.

தொடாத கண்ணாடி எப்படித் தானாக உடைகிறது? இதற்கு விடை தெரிந்தால், எங்கே பணத்தை மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு தகடுகள். நடுவே முக்கால் மில்லிமீட்டர் அளவில், பாலிவினைல் பியூட்டிரால் என்ற ஒட்டும் தன்மையுள்ள பிளாஸ்டிக் படலம். மூன்றையும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பக்கக் கண்ணாடி வேறு வகை: ஒரே தகட்டைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியேற்றியது. அது உடைந்தால் கற்கண்டு போலச் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். முன் கண்ணாடி கொட்டாது. உடைந்த துண்டுகளைப் படலம் பிடித்துக்கொள்ளும்; தலை வந்து மோதினாலும் கிழியாமல் உள்வாங்கும்.

இந்த யோசனைக்கு வழிகாட்டியது பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸின் ஆய்வகத்தில் 1903இல் கீழே விழுந்த ஒரு குடுவை. விரிசல் விட்டதே தவிர சிதறவில்லை. முன்பு அதில் இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து உட்சுவரில் படலமாக ஒட்டியிருந்தது. 1909இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்தப் படலம் வெயிலில் மஞ்சளாகிவிடும். 1930களின் பிற்பகுதியில் வந்த பாலிவினைல் பியூட்டிரால்தான் அந்தக் குறையைத் தீர்த்தது.

இனி ஜல்லிக்கு வருவோம். ஓம்னிக்கு முன்மூக்கு கிடையாது. எஞ்சின் இருக்கைக்கு அடியில். அதனால் முன் கண்ணாடி ஏறக்குறைய நட்டுக்குத்தாக நிற்கிறது. சாய்ந்த கண்ணாடியில் பட்ட கல் வழுக்கி மேலே தெறிக்கும். நட்டுக்குத்தான கண்ணாடி மோதலின் வலு முழுவதையும் வாங்கிக்கொள்ளும். மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எதிரெதிரே 60 கிலோமீட்டரில் வரும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே மோதல் வேகம் 120. ஆற்றல் நான்கு மடங்கு. கல் பட்ட புள்ளியிலிருந்து கூம்பு வடிவில் விரிசல் உள்நோக்கி விரியும். பெரும்பாலும் வெளித் தகட்டோடு நின்றுவிடும், படலத்தைத் தாண்டாது. உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தால் வழவழவென்றுதான் இருக்கும்.

ஆபத்து பள்ளத்தில் இல்லை, அதன் ஓரத்தில் இருக்கும் மயிரிழை விரிசலின் நுனியில் இருக்கிறது. கண்ணாடியை எந்த விசை இழுத்தாலும், அது அந்த நுனியில்தான் பல மடங்காகக் குவியும். விரிசல் நீள நீள, அதை மேலும் நீட்டத் தேவையான விசை குறைந்துகொண்டே போகும். இதை ஆங்கிலப் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித் 1920களின் தொடக்கத்தில் கணக்கிட்டுக் காட்டினார். தண்ணீர் இதற்குத் துணை போகிறது. ஈரப்பதத்தின் மூலக்கூறுகள் விரிசல் நுனிக்குள் புகுந்து, அங்கே இழுபட்டு நிற்கும் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விரிசல் ஊர்கிறது. ஓர் அளவைத் தாண்டியதும் ஒரே ஓட்டம். மைத்துனரின் வண்டியில் இரவில் நடந்தது இதுதான். இரண்டாம் நாள் மழை பெய்திருந்தது.

வெயிலும் தன் பங்கைச் செய்யும். ஒரு மீட்டர் கண்ணாடி 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீளும். நடுப்பகுதி வெயிலில் கொதிக்க, ஓரம் ரப்பருக்குள் நிழலில் இருந்தால், நீள நினைக்கும் நடுவும் நீளாத ஓரமும் ஒன்றையொன்று இழுக்கும். வெயிலில் கிடந்த வண்டியின் கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை வாரி ஊற்றுவது, அடிபட்ட கண்ணாடிக்குச் செய்யக்கூடிய மிக மோசமான காரியம்.

ஆகவே கல் பட்ட அன்றே, பள்ளத்தின் மேல் ஒரு துண்டு ஒளிபுகும் டேப்பை ஒட்டுங்கள். தூசியும் ஈரமும் உள்ளே போகாது. பிறகு பிசின் நிரப்பும் கடைக்குப் போங்கள். ஒரு சிறு குழாயைப் பள்ளத்தின் மேல் பொருத்தி, விரிசலுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி, நீர்த்த பிசினை உள்ளே அழுத்தி, புறஊதா விளக்கால் இறுக வைப்பார்கள். பிசினின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, கண்ணாடியின் எண்ணான 1.5ஐ ஒட்டியே இருப்பதால், ஒளி திரும்பாமல் நேராகக் கடக்கிறது, தழும்பு மங்கிப்போகிறது. முக்கியமானது அழகு அல்ல, விரிசலின் கூர்நுனி ஒட்டப்பட்டுவிட்டது என்பதுதான். ஆனால் அழுக்கு ஏறிய விரிசல், ஓரத்தைத் தொட்டுவிட்ட விரிசல், ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் உள்ள விரிசல் ஆகியவற்றுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. எங்களுக்குக் காலம் கடந்திருந்தது.

மாற்றுவது என்று முடிவானால், ஓம்னிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இதன் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டதல்ல. ரப்பர் பீடிங்கில், அதாவது ஓரத்தைச் சுற்றி மாட்டிய ரப்பர் பட்டையில், உட்கார்ந்திருக்கிறது. செங்கல்பட்டில் ஒரு மரத்தடிக் கடையில் அந்த வேலையை அருகில் நின்று பார்த்தேன். மேஸ்திரி பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்துக் கண்ணாடியை வெளியே எடுத்தார். தகர விளிம்பில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் பூசிக் காயவிட்டார். புதுக் கண்ணாடியைச் சுற்றிப் புது பீடிங்கை மாட்டினார். பீடிங்கின் உள்வரிப் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டி வருமாறு விட்டார். சோப்புத் தண்ணீர் தடவினார். எண்ணெய் தடவலாமே என்று கேட்டதற்கு, ரப்பர் ஊறி உப்பிவிடும் என்றார், சரியான வேதியியல். பையன் வெளியிலிருந்து உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்த, இவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை அங்குலம் அங்குலமாக இழுத்தார். கயிறு வெளியேற வெளியேற ரப்பரின் உதடு தகர விளிம்பின் மேல் ஏறி, ‘ளக் ளக்’ என்று உட்கார்ந்தது. கயிற்றின் கடைசி முனை கைக்கு வந்தபோது வேலை முடிந்தது.

மைத்துனர் பழைய ரப்பரையே போடலாமா என்று கேட்டார். கூடாது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பட்டு இறுகிப்போன ரப்பர், தண்ணீரை உள்ளே விடும். தண்ணீர் விளிம்பைத் துருவாக்கும். துரு புடைத்துப் புதுக் கண்ணாடியின் ஓரத்தையே அழுத்தும்.

பிற்கால வண்டிகள் பலவற்றில் கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டப்பட்டிருக்கும். அங்கே கண்ணாடி வெறும் மறைப்பு அல்ல: வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்க உதவுகிறது, முன் பயணியின் காற்றுப்பை விரியும்போது சாய்ந்துகொள்ள முதுகாகவும் நிற்கிறது. அந்தப் பசையில் சிக்கனம் பார்க்காதீர்கள். அதற்குப் பதிலாகக் கடைச் சிலிக்கோனைப் பிதுக்குபவர்கள் உண்டு. பூசும்போது புளிக்காடி வாசம் வந்தால் அது அசிட்டிக் அமிலம், தகரத்தை அரிக்கும். பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். எவ்வளவு நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்று அதன் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். அந்த நேரம் வரை வண்டி நிற்கட்டும்.

கண்ணாடி வாங்கும்போது வண்டி நிறுவனத்தின் பெயர் பொறித்ததுதான் வேண்டும் என்பதில்லை. வெளிச்சந்தைக் கண்ணாடியும் போதும். ஆனால் மூலையில் ஐ.எஸ். 2553 என்ற தரக்குறியும், அடுக்குக் கண்ணாடி என்பதற்கான எழுத்தும் இருக்க வேண்டும். விதிப்படி முன் கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியை உள்ளே விட வேண்டும். கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்து, அதன் வழியே தொலைவிலுள்ள மின்கம்பத்தைப் பார்த்தபடி தலையை மெல்ல அசையுங்கள். கம்பம் பாம்பாக நெளிந்தால் அது வேண்டாம். இரவில் எதிர் விளக்கும் அப்படித்தான் நெளியும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய கண்ணாடி கிடைக்கும். ரப்பர் வகைக்கு அதைப் பார்க்கலாம், ஆனால் ஓரங்களில் பால் வெண்மை படர்ந்திருந்தால் படலம் பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

காப்பீட்டையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு இதற்கு உதவாது. முழுக் காப்பீட்டில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதி விலையைக் கழிப்பார்கள்; கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவே கிடையாது. ஆனால் கோரிக்கை வைத்தால், கோராத ஆண்டுகளுக்காக 20இல் தொடங்கி 50 சதவீதம் வரை வளரும் பிரீமியத் தள்ளுபடி போய்விடும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில், எங்களுக்குக் கைக்காசைக் கொடுப்பதே மலிவாக இருந்தது.

பணத்தை வாங்குவதற்கு முன் மேஸ்திரி இரண்டு வாளித் தண்ணீரைக் கூரையிலிருந்து மெல்ல வழியவிட்டார். மைத்துனர் உள்ளே உட்கார்ந்து, பீடிங்கின் கீழ் விளிம்பு நெடுக ஒரு பழைய செய்தித்தாளை ஒற்றி ஒற்றி எடுத்தார். இடது மூலையில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம். மேஸ்திரி மீண்டும் கயிற்றை எடுத்து, அந்த ஒரு சாண் நீளத்தை மட்டும் பிரித்து, திரும்ப உட்கார வைத்தார். மூன்றாவது வாளிக்குத் தாள் உலர்ந்தே வந்தது.